கண்டக்டருக்குப் பல்வலி

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று நான் எழுந்து நின்றபோது நாற்காலியும் கூடவே எழுந்து நின்றது.

மலைப்பள்ளியில் பெற்றோர் கூட்டம். மலையடிவாரத்தில் இருக்கும் உறைவிடப் பள்ளி அது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் மலைப்பள்ளி என்றுதான் சொல்வார்கள். ஆறாம் வகுப்புக்கு நுழைவுத்தேர்வு வைத்து நாற்பது பிள்ளைகளை எடுப்பார்கள். எழுதுகிறவர்களோ ஆயிரத்துக்கு மேல். எடுத்துவிட்டால் பன்னிரண்டாவது வரைக்கும் படிப்பு, சோறு, துணிமணி எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் மகள் மிருதுளாவின் வகுப்பு டீச்சர் விண்ணப்பத்தை நிரப்பி எங்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். நான் பன்னிரண்டாவதில் கணக்கில் விழுந்தவன். படித்தவர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழக்கம்.

வகுப்பறையில் உட்காரவைத்தார்கள். எழுதுவதற்குப் பலகை வைத்த நாற்காலிகள். பத்து வயதுப் பிள்ளையின் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தது. என் இடுப்பு மினி பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு நடுவே பக்கவாட்டில் மட்டுமே போகிற இடுப்பு. உள்ளே எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. "கரட்டுப்பட்டி வையாபுரி" என்று கூப்பிட்டதும் மரியாதையாக எழுந்தேன். நாற்காலி விடவில்லை.

பக்கத்தில் இருந்த மதுரைக்காரர், பேங்க்கில் பெரிய அதிகாரியாம், நாற்காலியின் காலைப் பிடித்து இழுத்தார். "விடுங்க சார், இப்படியே வீட்டுக்குப் போயிடுறேன்" என்றேன். "பஸ்ல கண்டக்டருக்கு உக்கார இடம் கிடையாது. இனிமே நான் கையோட கொண்டுபோவேன்."

வகுப்பறையே சிரித்தது. மைக் முன்னால் நின்ற பெரிய டீச்சர் கூடச் சிரித்தார். மிருதுளா மட்டும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் பெரிய டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். "தினமும் உங்க பிள்ளை சொன்ன ஒரு விஷயத்த எழுதி வைங்க. நாங்க வாங்கிப் பார்க்க மாட்டோம். உங்களுக்காக." டயர் கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. ஆரம்பித்துவிட்டேன். ஆனால் மேலே பார்த்தால் முழுக்க நான் சொன்னதுதான் இருக்கிறது. நாளையிலிருந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

மிருதுளா சொன்னது: "ம்."

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்றுப் போலவே. ஆனால் இன்று இரண்டு தடவை.

பிப்ரவரி 13, வெள்ளி

வீட்டில் இரண்டு கட்சி. என் மனைவி சுகுணா வத்தலக்குண்டு பெண்கள் பள்ளிக் கட்சி. "பதினோரு வயசுப் பொண்ணக் கொண்டுபோய் மலையில விட்டுட்டு நான் இங்க யாருக்குத் தலை பின்ன?" என்பது அவள் கேள்வி. தையல் மிஷினை மிதித்துக்கொண்டேதான் கேட்பாள், பதில் சொன்னாலும் காதில் விழாது.

நான் மலைப்பள்ளிக் கட்சி. உண்மையைச் சொன்னால், ஆயிரம் பேரில் நாற்பது என்கிற கணக்கை நம்பித்தான் அந்தக் கட்சியில் இருக்கிறேன். "என் மகள் மலைப்பள்ளிக்குப் பரீட்சை எழுதினாள்" என்று பஸ்ஸில் சொல்லவும் ஆயிற்று, பிள்ளை வீட்டில் இருக்கவும் ஆயிற்று. பெண்கள் பள்ளி வாசலில்தான் என் பஸ் நிற்கும். ஏழு வருஷம் என் பஸ்ஸிலேயே போய் வரலாம்.

இன்று பஸ்ஸில் ஓட்டெடுப்பு நடத்தினேன். நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோகும் பஞ்சவர்ணம் அக்கா கூடையைத் தூக்கிக் காட்டி, "என் ஓட்டு மலைக்கு. நம்ம பூனையம்மா கலெக்டராகி வரட்டும்" என்றாள். பூனையம்மா என்றால் மிருதுளா, பஸ்ஸில் வைத்த பேர். டிரைவர் ஆரோக்கியம் அண்ணன், "மலைக்குப் போனா நம்ம வண்டில ஒரு டிக்கெட் குறையுமேப்பா" என்றார். "அவ என்னைக்குண்ணே டிக்கெட் எடுத்தா" என்றேன். ஒரே சிரிப்பு.

மிருதுளா முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்தாள். ஓட்டுப் போடவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாதிரி வினாத்தாள் வந்திருக்கிறது. பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கா இது?

ஒரு கேள்வி மட்டும் என் தொழில். ஓட்டுநர், நடத்துநருடன் இருபத்துநான்கு பயணிகள் வருகிற பேருந்து. முதல் நிறுத்தத்தில் பாதிப் பயணிகள் இறங்குகிறார்கள், ஏழு பேர் ஏறுகிறார்கள். அடுத்ததில் ஐந்து பேர் இறங்கி மூன்று பேர் ஏறுகிறார்கள். இப்போது பேருந்தில் எத்தனை பேர்? "பதினேழு" என்றேன், பேனாவைத் தொடாமலே.

மிருதுளா சொன்னது: "பத்தொம்பதுப்பா. டிரைவர் மாமாவையும் உங்களையும் விட்டுட்டீங்க."

அவள் சொன்னதாக நான் எழுதுகிற முதல் முழு வாக்கியம் இதுதான். சந்தோஷத்தில், நாளைக்குப் பஸ்ஸில் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். தன்னையே எண்ண மறந்த கண்டக்டர்.

பிப்ரவரி 20, வெள்ளி

மிருதுளா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத நாளில் பழையதை எழுதினால் தப்பில்லை என்று நானே அனுமதி கொடுத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் எங்கள் வீட்டுப் பூனை பைக்கில் அடிபட்டுச் செத்தது. மிருதுளா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "நான் இன்னிக்குப் பள்ளிக்கூடம் போகல. நம்ம வீட்ல துக்கம்" என்றாள். சுகுணா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இத மட்டும் பஸ்ல சொல்லாதீங்க" என்றாள். இப்படி ஒரு வசனம் கையில் கிடைத்துவிட்டுச் சொல்லாமல் இருக்க நான் என்ன ஞானியா? சொன்னேன். அடுத்த நாள் மிருதுளா ஏறியதும் பஸ்ஸே "மியாவ்" என்றது. பஞ்சவர்ணம் அக்கா பூனைக்கென்று ஒரு முழம் மல்லிகை கொடுத்தாள். ஆரோக்கியம் அண்ணன் ஹாரனை அமுக்கி அமுக்கி மியாவ் மாதிரியே ஒரு சத்தம் வரவைத்தார். எங்கள் வண்டியில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்றிலிருந்துதான் அவள் பூனையம்மா.

அவளும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று நினைக்கிறேன். தோள் குலுங்கியது.

மார்ச் 8, ஞாயிறு

தேர்வு முடிந்தது.

பிள்ளைகள் உள்ளே, பெற்றோர் வேப்பமரத்தடியில். மதுரை பேங்க்காரரை மறுபடியும் பார்த்தேன். "உங்க பொண்ணு எந்த சென்டர்ல கோச்சிங்?" என்றார். மூன்றாம் வகுப்பிலிருந்தே இதற்கென்று பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமையும் உண்டாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் வகுப்பில் மிருதுளாவை நான் எதற்கு அனுப்பினேன் என்று யோசித்தேன். கடைக்கு, தேங்காய் வாங்க.

"மினி பஸ் சென்டர் சார். காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்" என்றேன். அவர் நம்பிவிட்டார். அது எங்கே இருக்கிறது என்று கேட்டு போனில் குறித்துக்கொள்ளப் பார்த்தார்.

மணி அடித்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் வாசலிலேயே மடக்கி விசாரணை நடந்தது. பேங்க்காரர் மகன் மூன்றாவது கேள்வியிலேயே அழுதுவிட்டான். மிருதுளா நிதானமாக வந்து தண்ணீர் குடித்தாள்.

மிருதுளா சொன்னது: "நல்லா எழுதிருக்கேன்."

எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு ஏனோ திக்கென்றது.

மார்ச் 26, வியாழன்

பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் செய்தி வந்தது. நேர்காணலுக்குத் தேர்வான நூறு பேர். முப்பத்தோராவது பெயர், வை. மிருதுளா.

ஒரு பாட்டியம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய மீதிச் சில்லறையை என் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு, டிக்கெட்டை இரண்டாவது தடவையும் கொடுத்திருக்கிறேன். ஆரோக்கியம் அண்ணன் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்து கைகொடுத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். நானும் பல்லைக் காட்டினேன். அடுத்த நிறுத்தத்தில் விசில் ஊத மறந்துவிட்டேன்.

சுகுணாவிடம் சொன்னபோது மிஷினை நிறுத்தினாள். இந்த வீட்டில் அந்த மிஷின் நின்றதே அபூர்வம்.

ஏப்ரல் 11, சனி

நேர்காணல். போய்விட்டு வந்தோம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. வடை, பாயசம். விருந்தாளிகள் வந்து போய்விட்டார்கள். இன்றாவது எழுதிவிடுகிறேன்.

அந்தப் பள்ளியில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நேர்காணலுக்கு ஒரே ஒரு பெற்றோர் உள்ளே போகலாம். ஆனால் பிள்ளைக்குப் பின்னால், சுவரோரம் உட்கார வேண்டும். பேசக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது. இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வர வேண்டும். "உங்களால முடியுமாங்க?" என்று வாசலிலேயே சுகுணா கேட்டாள். "வாயில டிக்கெட் கட்ட வச்சுக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். சுவரோரம் எனக்குப் பெரிய நாற்காலியாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பெரிய டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் எதிரே. எனக்குத் தெரிந்தது மிருதுளாவின் பின்னந்தலை, இரட்டைச் சடை, சுகுணா கட்டிய பச்சை ரிப்பன். முதலில் என்ன பிடிக்கும், என்ன படிப்பாய் என்று கேட்டார்கள். அவள் பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். எறும்பு எப்படி வரிசை மாறாமல் போகிறது, எங்கள் ஊர் ஓடையில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், மழைக்கு முன்னால் தட்டான் ஏன் தாழப் பறக்கிறது. நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன், இது என் பிள்ளைதானா என்று. என் வீட்டில் "ம்" என்பதைத் தாண்டாத பிள்ளை.

"மலைப்பள்ளி பத்தி யாரு சொன்னா உனக்கு?" என்றார் பெரிய டீச்சர்.

"யாரும் சொல்லல மேடம். ஹாஸ்டல் இருக்கிற பள்ளிக்கூடம் எதுன்னு நான்தான் எங்க டீச்சர்ட்ட கேட்டேன்."

"ஹாஸ்டல்ல ஏன் இருக்கணும்? வீடு பிடிக்காதா?"

"பிடிக்கும். எங்க வீட்ல எப்பவும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க."

"அது நல்லதுதானேம்மா?"

"நல்லதுதான். ஆனா நான் வீட்ல ஒண்ணு சொன்னா மறுநாள் பஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அதுக்கும் சிரிப்பாங்க. அதனால நான் சொல்றத நிப்பாட்டிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். "எங்க பூனை செத்தப்ப நான் அழுதேன். அதுக்கப்புறம் பஸ்ல ஏறுனா எல்லாரும் மியாவ்னாங்க. டிரைவர் மாமா ஹாரன்லயும் அடிச்சாரு. இறங்கிறலாம்னு பார்த்தேன். இறங்கணும்னா எங்க அப்பாதான் விசில் ஊதணும். அவரும் சிரிச்சுக்கிட்டிருந்தாரு."

பெரிய டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் குனிந்தார். "அப்பா பின்னாடிதான் இருக்காரு. தெரியும்ல?"

"தெரியும் மேடம். அவரு பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அதான் சொல்றேன்." அப்புறம் அவசரமாக, "எங்க அப்பா நல்லவரு மேடம். வேணும்னு செய்ய மாட்டாரு. அவருக்குத் தெரியாது" என்றாள்.

பேசக் கூடாது என்கிற விதியை நான் மீறவில்லை. யாராவது பேசச் சொல்லியிருந்தாலும் வந்திருக்காது. அதற்கப்புறம் என்ன கேட்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. பச்சை ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது மட்டும் நினைவிருக்கிறது. கையை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

வெளியே வந்ததும் சுகுணா, "என்ன கேட்டாங்க?" என்றாள்.

"எறும்பு பத்தி" என்றேன்.

ஏப்ரல் 15, புதன்

பஸ்ஸில் இன்று டிக்கெட் மட்டும் கிழித்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பஞ்சவர்ணம் அக்கா, "என்னப்பா, கண்டக்டருக்குப் பல்வலியா?" என்றாள். ஆமாம் என்று கன்னத்தில் கையை வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட நிறுத்தத்தில் மிருதுளா ஏறினாள். "பூனையம்மா, மலையில எலி நெறைய இருக்குமாமே" என்றார் யாரோ. பஸ் சிரித்தது. மற்ற நாளாக இருந்தால் அதற்கு மேல் ஒன்று நான் போட்டிருப்பேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "டிக்கெட், டிக்கெட்" என்றுதான் வந்தது.

இன்று முதல் முறையாக அவள் தோளை உற்றுப் பார்த்தேன். குலுங்கியது. சிரிப்பில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பல்வலிக்குப் பஸ்ஸில் வந்த வைத்தியங்கள்: கிராம்பு, உப்புத் தண்ணீர், கொய்யா இலை. நேற்று ஒருவர் மருந்துச் சீட்டே கொண்டுவந்து கொடுத்தார். ஆரோக்கியம் அண்ணன், "பல்லப் புடுங்கிருய்யா. வண்டி சாவு வீடு மாதிரி இருக்கு" என்கிறார்.

சுகுணாவிடம் இன்று சொல்லிவிட்டேன், அறைக்குள் நடந்தது எல்லாவற்றையும். அவள் மிஷினை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பூனை செத்தப்பவே எங்கிட்டச் சொல்லி அழுதா. அப்பா என்னப் பத்திப் பஸ்ல பேசக் கூடாதும்மான்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அப்போதுதான் மிஷினை நிறுத்தினாள். "சொன்னேனே. மறுநாள் நீங்க அதையும் பஸ்ல சொன்னீங்க."

சொல்லியிருக்கிறேன். நினைவு வந்துவிட்டது. "என் மக எனக்கு வாய்ப்பூட்டுப் போடுறாளாம்" என்று உதட்டில் சாவி திருகிக் காட்டினேன். அன்று நல்ல கூட்டம். நன்றாகச் சிரித்தார்கள்.

மே 4, திங்கள்

நாற்பதில் ஒன்று. வந்துவிட்டது.

பத்தாம் தேதிக்குள் போனிலேயே சம்மதம் என்கிற இடத்தை அழுத்த வேண்டுமாம். அழுத்தாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

சுகுணா, "உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ரவிக்கைக்குக் கொக்கி தைக்கப் போய்விட்டாள். பச்சை ரவிக்கைக்குச் சிவப்பு நூல்.

மே 5, செவ்வாய்

போனில் சார்ஜ் இல்லை.

மே 6, புதன்

எங்கள் ஊரில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

மே 7, வியாழன்

சிக்னல் கிடைத்தது. ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தை எண்ணெய்க் கையோடு செய்யக் கூடாது. கை கழுவிவிட்டு வந்தபோது தூக்கம் வந்துவிட்டது. பெண்கள் பள்ளியில் இன்னும் சேர்க்கை முடியவில்லை என்று வாசலில் போர்டு இருக்கிறது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். சும்மாதான்.

மே 9, சனி



சாயங்காலம் கிணற்றடிக் குழாயில் பக்கெட் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மிருதுளா வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பக்கெட் நிரம்புவதையே பார்த்தாள்.

"நான் அங்க போகலப்பா."

என் நெஞ்சு குதித்தது. குதித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. "ஏன் தாயி?" என்றேன்.

"நான் அன்னிக்கு அப்படிச் சொன்னதுலருந்து நீங்க பேசவே மாட்டேங்குறீங்க. வீட்லயும் பேசல. பஸ்ல எல்லாரும் பல்வலிங்கிறாங்க. உங்களுக்குப் பல்வலி இல்லைன்னு எனக்குத் தெரியும். முறுக்குக் கடிச்சீங்க." மூக்கை உறிஞ்சினாள். "நான் பெண்கள் பள்ளிக்கே போறேன். பஸ்லயே வாரேன். அவங்க மியாவ்னா எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க பேசுங்க."

பக்கெட் நிரம்பி வழிந்து என் கால் நனைந்தது. குழாயை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவள்தான் மூடினாள்.

நான் அவளைப் பஸ்ஸில் விற்றுக்கொண்டிருந்தேன். அவள் எனக்காகப் பஸ்ஸில் ஏறத் தயாராகி வந்து நிற்கிறாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் ஏழு வருஷம் முன் சீட்டில், ஜன்னலோரம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்தச் சரி.

"பல்வலி இல்ல தாயி" என்றேன். "புதுசா ஒரு வேலை பழகுறேன். வாய மூடுற வேலை. உங்கப்பன் எதையும் சட்டுனு படிச்சவனா? பன்னெண்டாவதுலயே விழுந்தவன். கொஞ்ச நாள் ஆகும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள், பொய்யா நிஜமா என்று.

"பேசுங்கப்பா. என்னப் பத்தி மட்டும் வேணாம்."

"அப்ப யாரப் பத்திப் பேச?"

"உங்களப் பத்தி."

"என்னப் பத்திப் பேச என்ன இருக்கு?"

"நெறைய இருக்கு" என்றாள். உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் அந்த முகத்தை அதிகம் கவனித்துப் பழகாதவன்.

போனை எடுத்துவரச் சொன்னேன். கை ஈரம். அதனால் அழுத்த வேண்டிய இடத்தை நான் காட்ட, அவளே அழுத்தினாள்.

ஜூன் 7, ஞாயிறு

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

தகரப் பெட்டி, வாளி, பாய், மூன்று பச்சை ரிப்பன். சுகுணா கடைசியாக ஒரு தடவை தலை பின்னிவிட்டாள். ஏற்கெனவே பின்னியிருந்த தலையை அவிழ்த்துத் திரும்பவும் பின்னினாள். அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லா அம்மாக்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பேங்க்காரரைத் தேடினேன். அவர் மகன் பெயர் பட்டியலில் இல்லை.

கையெழுத்துப் போட மறுபடியும் அதே வகுப்பறை. பலகை வைத்த அதே நாற்காலிகள். நான் கால் வலிக்கிறதே என்று ஒரு நாற்காலிப் பக்கம் போனேன். அப்போது மிருதுளா என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகில் ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுகுணா பயந்து, "என்னங்க, என்ன சொன்னா?" என்றாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. பதினோரு வருஷத்தில் என் மகள் என்னிடம் சொன்ன முதல் தமாஷ். அவளுக்கு இது வரும் என்றே எனக்குத் தெரியாது. என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

ஜூன் 8, திங்கள்

இன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். ஊரே நேற்று நடந்ததைக் கேட்கத்தான் ஏறியது போலிருந்தது. முன் சீட்டு ஜன்னலோரத்தில் ஒருவர் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

"பல்வலி போச்சா?" என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

"போச்சுண்ணே. எனக்கு நாலு பல்லுதான் உருப்படி. அதுல வலிச்சது எதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள வலி போயிருச்சு" என்றேன். வண்டி சிரித்தது. எல்லோர் முகத்திலும் பழைய வெளிச்சம்.

பஞ்சவர்ணம் அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தாள். "சரி சொல்லு. பூனையம்மா அழுதாளா?"

"மிருதுளாக்கா. அவ பேரு மிருதுளா."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பின்னால் இரண்டு சீட்டு தள்ளி யாரோ மியாவ் என்று ஆரம்பித்தார்கள். நான் விசிலை எடுத்து நீளமாக ஊதினேன். வண்டி நின்றுவிட்டது. எந்த நிறுத்தமும் இல்லாத இடம். யாரும் இறங்கவில்லை. சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து "ரைட்" என்றேன்.

வண்டி கிளம்பியதும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "மிருதுளாதான், சரி. போறப்ப உங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போச்சு பிள்ள? சுகுணா சொன்னா, நீ விழுந்து விழுந்து சிரிச்சியாம்."

பஸ் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. ஆரோக்கியம் அண்ணன் கியரைக்கூட மாற்றாமல் கண்ணாடியில் என்னையே பார்த்தார். சொல்லியிருந்தால் வண்டி குலுங்கியிருக்கும். பூனைச் சிரிப்பெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.

"ஒண்ணும் சொல்லலக்கா. நிலக்கோட்டைதான?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

மிருதுளா சொன்னது: "உக்காராதீங்கப்பா. அப்புறம் எந்திரிக்க முடியலன்னா உங்களையும் ஆறாங்கிளாஸ்ல சேர்த்துருவாங்க. நான்தான் கணக்குச் சொல்லித் தரணும்."